சுழலும் வெளிச்சமும் ஒரு துண்டு டேப்பும்

செப். 8, திங்கள்

மேகமூட்டம். நல்லம்பள்ளி வீட்டுக்கு வந்து நாலு நாள். அம்மா தக்காளிக் காட்டில் வழுக்கி விழுந்து வலது கையில் மாவுக்கட்டு. ஊட்டுவது, தலை வாருவது என் வேலை.

லேபில் என் எல்.இ.டி.க்கள் பாவம் யாமினி தலையில். அவளும் பிஎச்.டி.தான். தன் வேலையை ஒதுக்கிவிட்டு எனக்காக அளக்கிறாள். மாலை போன்: "ரெண்டு எல்.இ.டி. வெளிச்சமுமே இடப்பக்கம்தான் சுத்துதுப்பா."

எலக்ட்ரான்களின் ஸ்பின்னை, அதாவது தற்சுழற்சியை, ஒரே பக்கம் திருப்பி அனுப்பினால் வெளிச்சமும் அந்தப் பக்கம் சுழல வேண்டும். ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு மூலக்கூறுகள்: இடக்கை மூலக்கூறு போட்டதில் இடம், வலக்கை போட்டதில் வலம். இரண்டும் ஒரே பக்கம் என்றால் வருவது ஸ்பின்னே இல்லை, வேறு ஏதோ கோளாறு. நாலு வருஷ வேலை. வெள்ளிக்குள் சரியாகாவிட்டால் தீசிஸில் அந்த அத்தியாயமே கிடையாது என்று கைடு சொல்லியாயிற்று.

வாங்க: அம்மா மாத்திரை, தவிடு, ரீசார்ஜ்.

செப். 9, செவ்வாய்

நல்ல வெயில். கம்பைநல்லூரிலிருந்து அக்கா ஸ்கூட்டியில். மாமாவின் புது கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு பெரிய நடிகை நினைப்பு. வந்ததும் என் போனைப் பிடுங்கினாள்.

"ஏண்டி, உன் போனு செத்துப்போச்சு. கன்னங்கரேல்னு கெடக்குது. டேப்பு மட்டும் மின்னுது பாரு."

கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். திரை கறுப்பு. விரிசலுக்குக் குறுக்கே நான் ஒட்டிய செல்லோடேப் மட்டும் பளிச். இந்தக் கண்ணாடி ஒரு திசையில் அதிரும் வெளிச்சத்தை மட்டும்தான் விடும்; டேப் அந்தத் திசையைத் திருப்புகிறது! ஈரம் படக்கூடாதென்று இரண்டு எல்.இ.டி. மூடிகளிலும் டேப் ஒட்டியது இதே கைதான். வெளிச்சம் வரும் வழியிலேயே. டேப் தன் பங்குக்கு இரண்டிலும் ஒரே பக்கச் சுழற்சியைச் சேர்த்து, ஸ்பின் தரும் சின்னச் சுழற்சியை மூடியிருக்கும். மடச்சி.

யாமினிக்குப் போன் அடித்து டேப்பைப் பிரிக்கச் சொன்னேன்.

"பிரிச்சா காத்து பட்டு செத்துடுமேப்பா?"

"சாகறதுக்குள்ள அளந்துடு."

இருப்பது அந்த ஒரு ஜோடிதான்.

செப். 10, புதன்

தூறல். அம்மாவுக்குக் களி ஊட்டும்போது யாமினியின் மெசேஜ். "ஒண்ணு இடம், ஒண்ணு வலம். ஏழு நிமிஷம் தாங்குச்சு. அப்புறம் ரெண்டும் போச்சு."

ஏழு நிமிஷம் போதும். அழுதுவிட்டேன்.

"என்ன கண்ணு, யாருக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. வெளிச்சம் வந்துடுச்சு."

"கரண்டு எப்பப் போச்சு?"

நன்றி: யாமினி (சாகும்வரை). மாமாவின் கண்ணாடி. அம்மாவின் கை, பாவம், அது உடையாவிட்டால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். அக்கா.

தீசிஸில் உன் பேர் போடுகிறேன் என்று அக்காவுக்குப் போன் செய்தேன்.

"நான் என்னடி பண்ணுனேன்? மொதல்ல அந்தப் போனுக்கு ஒரு புது கிளாஸ் போடு."

போட மாட்டேன். டேப் அப்படியே இருக்கட்டும்.