ஊரே பஸ் ஏறிய நாள்

வைகாசி 20, திங்கள்

காலையிலேயே வெயில். இன்று முதல் நடந்ததை நடந்தபடியே இதில் எழுதுவேன். எனக்குச் சாதகமாக மாற்றமாட்டேன்.

எட்டாவது பாஸ். இங்கே அதற்கு மேல் வகுப்பு கிடையாது. புதுக்கோட்டையில் பெண்கள் பள்ளி இருக்கிறது. ஹாஸ்டலுக்கு அம்மா சம்மதிக்கவில்லை. அப்பா சொல்லிவிட்டார்: "நம்ம ஊருல பஸ் நின்னாப் போ. பஸ் நிக்கிற அன்னவாசல் வரைக்கும் தெனம் நடந்து வந்து ஏத்திவிட என்னால ஆகாது."

பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. நிற்பதில்லை. அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அதையும் எழுதி வைக்க வேண்டும்.

பஸ் வந்த புதிதில், பிள்ளையார் கோயிலடியில்தான் நிற்கவேண்டும் என்றார் கோயில் தெருப் பெரியவர் அம்பலக்காரர். சந்தைப்பேட்டையில்தான் என்றார் கருப்பட்டிக் கடை ராவுத்தர். இரண்டுக்கும் நடுவே கூப்பிடு தூரம். கோயில் தெருக்காரர்கள் சாலையில் கல் வைத்து வண்டியை மறிப்பார்கள். அதே கல்லைச் சந்தைத் தெருக்காரர்கள் தூக்கிப்போய் அங்கே வைப்பார்கள். ஒருநாள் இழுபறியில் கிளீனரின் சட்டை கிழிந்தது. கிழித்தது யார்? தெருவுக்கு ஒரு கதை. அன்றிலிருந்து பஸ் நிற்பதே இல்லை. ஹார்ன் மட்டும் அடிக்கிறது.

வைகாசி 21, செவ்வாய்

புழுக்கம். என் படிப்புக்காக ஊரார் பஸ் கேட்டு எழுதியதற்குப் பதில் வந்துவிட்டது. பஸ் முதலாளி வியாழக்கிழமை தானே வண்டியில் வருகிறாராம். பார்த்துவிட்டு, இங்கே நிறுத்துவதா வேண்டாமா என்று சொல்வாராம்.

சாவடியில் கூட்டம். ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டது:

"ஆளில்லாத ஊருன்னு நெனச்சுட்டாருன்னா?"

"அப்ப எல்லாரும் ஏறிருவோம்."

"எங்க போக?"

"ஏறுனப்புறம் யோசிப்பம்யா."

நிற்கும் இடம் நடுவிலுள்ள புளியமரம் என்று முடிவு. அம்பலக்காரரும் ராவுத்தரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே தலையாட்டினார்கள்.

வைகாசி 22, புதன்

எடுத்துப்போக: பாஸ் சர்டிபிகேட். பேனா, மைக்கூடு. புளிச்சோறு. நீலப் பாவாடை (ஓரம் தைக்கணும்).

வைகாசி 23, வியாழன்

வந்துவிட்டது! யுத்த காலம், பெட்ரோல் இல்லை, அதனால் கரியில் ஓடும் வண்டி. பின்னால் அடுப்பு, ஒரே புகை. புளியமரத்தடியில் கல்யாணக் கூட்டம். வேட்டியெல்லாம் வெளுத்தது. வண்டி நின்றதுதான் தாமதம், ஊரே உள்ளே.

தரையில் மீதி நின்றது நானும் அப்பாவும்.

அப்பா கத்தினார், "எம் புள்ள போகத்தான்யா பஸ்ஸே கேட்டோம்!"

எல்லாருக்கும் அப்போதுதான் நினைவு வந்தது. ஆனால் ஒருவரும் இறங்கவில்லை. இறங்கினால் அந்தத் தெருவுக்கு ஆள் குறையுமே!

அம்பலக்காரர்: "அங்கிட்டு ஆளுக ரெண்டு பேரு எறங்குங்கப்பா."

ராவுத்தர்: "ஏன் மாப்ளே, இங்கிட்டு ஆளுகளுக்குக் காலு இல்லையா?"

முன் சீட்டில் முதலாளி. என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, தெனமும் இம்புட்டுக் கூட்டம் ஏறுமா?"

ஆமாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"இல்லைங்க. தெனமும் நான் ஒருத்திதான் ஏறுவேன்."

"போச்சு, கெடுத்துட்டா!" என்று உள்ளே யாரோ. அப்பா முகத்தைப் பார்க்கவே பயம். படிப்பு முடிந்தது என்றே நினைத்தேன்.

ராவுத்தர்தான் முதலில் சிரித்தார். "வா மாப்ளே, எறங்குவோம். ஒண்ணாக் காலு வச்சா யாரு தோத்தது?"

இருவரும் ஒரே படியில் ஒரே நேரத்தில் இறங்கப் பார்த்து, வாசலில் சிக்கிக்கொண்டார்கள். கிளீனர் முதுகில் கைவைத்துத் தள்ளினான். விழாமலிருக்க அம்பலக்காரர் பிடித்தது ராவுத்தரின் தோளை. வண்டி முழுக்கச் சிரிப்பு.

முதலாளியும் சிரித்தார். "கூட்டம் பாக்க நான் வரலய்யா. இன்னமும் அடிச்சுக்கிறீங்களான்னு பாக்க வந்தேன். காலை வண்டியும் சாயந்தர வண்டியும் நிக்கும். இந்த மரத்தடியில மட்டும்."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வியர்வை என்றார்.

அவர்கள் இறங்கிய இடத்தில் நானும் அப்பாவும் ஏறிக்கொண்டோம். பள்ளியில் தலைமை ஆசிரியை ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார். பேர் எழுதிவிட்டார்கள்! கூட வந்த ஊர்க்காரர்கள் வேலை ஒன்றுமில்லாமல் புதுக்கோட்டையைச் சுற்றினார்கள். மூன்று பேர் சவரம் செய்துகொண்டார்கள்.

வைகாசி 26, ஞாயிறு

லேசாகத் தூறல். நாளை முதல் நாள். புளியமரத்தில் எந்தத் தெரு போர்டு அடிப்பது என்று காலையில் பேச்சு கிளம்பியது. நல்லவேளை, ராவுத்தர் கடையில் காபி குடித்ததோடு அடங்கிவிட்டது.

அம்மா பாவாடையை இரண்டு தரம் மடித்துவிட்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சாயந்தர வண்டியில வந்துருவேல்ல?"

"வந்துருவேன்மா."

"அப்பச் சரி. எழுதுனது போதும், காலையில வண்டிய விட்டுறாத."

விளக்கை ஊதிவிட்டாள். இந்த வரி இருட்டில் எழுதுவது, கோணலாகத்தான் இருக்கும்.