நாற்பதில் நிறுத்திய கணக்கு

மார்ச் 3
மறுபடியும் அதே இருபத்தாறு. அலைநடத்தி என்கிற மெல்லிய ஒளிப்பாதைக்குள் ஓடி வரும் ஒளி முனையில் முட்டித் திரும்பக் கூடாது, அதற்குத்தான் பூச்சு. நான் கணக்குப் போட்டுக் கொடுத்த தடிமனில் பூசினால் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் திரும்பும் என்கிறது என் கணினி. அளந்தால் இருபத்தாறு பங்கு. ஆய்வகத் தலைவர் என்னை எதுவும் கேட்கவில்லை. பூச்சு அறைக்குப் போய், அங்கே வேலை செய்கிற, நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவரைத்தான் பிடித்தார். "கணக்கு சரியா இருக்கு. உங்க கைதான் சரியில்லை." பதினோரு வருஷமாகப் பூச்சு பூசுகிற மனுஷர். நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன்.

மார்ச் 5
அண்ணன் என் மேசைக்கே வந்துவிட்டார். "தடிமனை மூணு தடவை அளந்துட்டேன்மா. நீ சொன்னதுதான் இருக்கு. உன் கணக்கை ஒருதரம் பாரேன்." பார்க்கிறேன் என்றேன். எரிச்சலாக வந்தது. மாதக் கடைசியில் ஆய்வேடு கொடுக்கணும், இப்போது போய்ப் பழையதைக் கிளறச் சொல்கிறாரே.

மார்ச் 6
பார்க்கவில்லை.

மார்ச் 9
பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

முனையில் முட்டும் ஒளியைப் பல அலை வடிவங்களாகப் பிரித்துக் கூட்டுவேன். எத்தனை வடிவம் என்பது என் இஷ்டம். இருபது சேர்த்தேன், நாற்பது சேர்த்தேன், விடை அசையவில்லை, போதும் என்று நிறுத்தினேன். இன்று இருநூறு வரை போனேன். அறுபதைத் தாண்டியதும் விடை ஏற ஆரம்பித்து, இருபத்தாறில் போய் நின்றது. ஏன் நாற்பதில் நிறுத்தினேன்? ஆசைப்பட்ட எண் வந்துவிட்டது — வேறு ஒரு காரணமும் இல்லை.

கணினியை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 10
அக்காவிடம் போனில் சொன்னேன். "ஆறு வருஷம் ஆச்சுடி. வாயை மூடிக்கிட்டுக் கொடுத்துட்டு வா." கேட்டதும் நிம்மதியாக இருந்தது. ச்சீ, என்ன ஜென்மம் நான்.

மார்ச் 12
தலைவரிடம் சொல்லிட்டேன். எழுந்து கதவைச் சாத்தினார். "பூச்சுக்காரருக்கு நேத்தே கடிதம் கொடுத்து வேலையை விட்டு அனுப்பியாச்சு. புது எண்ணைப் போட்டு முடி. பழசைப் பேசாதே." நேத்தா? மூணு நாள் என்னடி பண்ணிட்டு இருந்தே என்று என்னையே திட்டிக்கொண்டேன். பூச்சு அறைக்கு ஓடினேன். ஆணியில் அவர் மேலங்கி இல்லை.

மார்ச் 20
நான் திருத்திக் கொடுத்த புதுத் தடிமனில் வேறு ஆள் பூசினார். அளந்தால் பத்தாயிரத்தில் இரண்டு. தலைவர் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். கை தட்டினார்கள். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன்?

மார்ச் 24
அண்ணன் போன் பண்ணினார். திட்டவில்லை. "வேற இடத்துல வேலை கேட்டிருக்கேன்மா. அங்கேருந்து ஏன் அனுப்பினாங்கன்னு கேட்கிறாங்க. என் பூச்சுல என்னம்மா தப்பு?" அவருக்கு இதுவரை யாருமே சொல்லவில்லை. நானும்தான்.

"தப்பே இல்லண்ணா. என் கணக்குதான் தப்பு."

எந்தக் கணக்கு, எங்கே தப்பு என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "இதை ஒரு தாள்ல எழுதித் தருவியா?" என்றார்.

மார்ச் 25
எழுதிக் கொடுத்தேன். அரைப் பக்கம். அவர் பூசியது சரி, நான் போட்டது தவறு. கீழே என் கையெழுத்து. தலைவருக்கும் ஒரு நகல் அனுப்பினேன்.

மார்ச் 31
ஆய்வேட்டில் கையெழுத்துப் போடத் தலைவர் மறுத்துவிட்டார். அது இல்லாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது அண்ணனிடமிருந்து செய்தி வந்தது: திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். கீழே, "நீ எப்போம்மா ஆய்வேடு கொடுக்கிறே?" என்று கேட்டிருந்தார்.

"கொடுத்தாச்சுண்ணா" என்று பதில் அனுப்பினேன்.