துரையின் வயிற்றில் இருந்த சாவி

அக்கா,

கொடியில் துரை தொங்குகிறான். உன் வாயால் சீமையெல்லாம் சுற்றிய அதே குரங்கு பொம்மைதான். பிரசவத்துக்கு வந்திருக்கும் என் மகள், பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஆகும் என்று அவனைப் பீரோவிலிருந்து எடுத்துத் துவைத்து, இரண்டு காதிலும் கிளிப் மாட்டிக் காயப் போட்டிருக்கிறாள். காலையிலிருந்து பனிமூட்டம் விலகவில்லை. அவன் வாலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அவனைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்தது. செத்துப்போன அக்காவை நினைத்தால் தங்கைக்கு அழுகை வரவேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதனால்தான் எழுதுகிறேன். போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். உன் கருமாதியில் பேசியவர்களைக் கேட்டால் உனக்கே யாரைச் சொல்கிறார்கள் என்று சந்தேகம் வந்திருக்கும்.

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. பறிக்கிற கூலிக்குக்கூட இலை விலை காணாது. கோத்தகிரியைச் சுற்றிப் பாதிப் பேர் செடியைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போட்டார்கள். மீதிப் பேர் திருப்பூர் பஸ் ஏறினார்கள். உனக்கு வாய்த்தது பேக்டரிக்காரர். எனக்கு வாய்த்தது, அதே பேக்டரிக்கு ஊருக்குள் இலை வாங்கி ஜீப்பில் ஏற்றி அனுப்புகிற ஏஜெண்ட். எங்கள் வீட்டுக்குக் கீழே தகரம் வேய்ந்த இலை செட். அங்கே தராசில் மூட்டையைத் தொங்கவிட்டு அவர் எடை சொன்னால், மறுபடி எட்டிப் பார்க்க மாட்டார்கள். அவரிடம் இருந்த ஒரே சொத்து அந்த நம்பிக்கைதான்.

அந்த வருடம்தான் நீங்கள் குடும்பத்தோடு ஐரோப்பா கிளம்பினீர்கள். ஊர் வாயில் மண் விழுந்த நேரத்தில் உங்களுக்குச் சுற்றுலா. சரி, அது உங்கள் பாடு, நான் பொறாமைப்படவில்லை என்று சொன்னால் அது பொய், பட்டேன். போகிறதுக்கு இரண்டு நாள் முன்னால் வந்தாய். உன் பையன் விமானத்தில் துணைக்கு வேண்டும் என்று என் மகளின் துரையைப் பிடுங்கிக்கொண்டான். அவள் ஓவென்று அழுதாள். நீ அவளை மடியில் வைத்துக்கொண்டு, “அழாத கண்ணு. உன்னால போக முடியலீன்னா என்ன, உன்ற துரை போயிட்டு வந்து எல்லாங் கதை சொல்லுவான்” என்றாய். அந்தப் பேச்சே எனக்குச் சுருக்கென்றது.

வாசலில் செருப்பை மாட்டும்போது, போகிற போக்கில் சொல்வதைப் போல அவரிடம் சொன்னாய்: “தம்பி, ரோலர் மெஷின் ஒடஞ்சு போச்சுங்க. கோயமுத்தூர்ல இருந்து ஆளு வந்து உள்ள வேலை பாக்கறாங்க. நாங்க வர்றதுக்குள்ள முடிஞ்சிரும். அதுவரைக்கும் இலை பறிக்க வேண்டாம்னு நீங்களே சொல்லீருங்க. வேற பக்கம் போயிர வேண்டாம்னும் சொல்லுங்க. உங்க வார்த்தைன்னா நம்புவாங்க.”

நம்பினார்கள். அவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். எங்கள் செட்டில் இலை போடுகிற மாதம்மா மட்டும், “ஏனுங்க தம்பி, நெசமா ரிப்பேருங்களா? இல்லீன்னா இப்பவே வேற பேக்டரியில சொல்லி வெச்சுக்குவோம்” என்று கேட்டார். மற்ற பேக்டரிகளில் புது ஆள் இலையைச் சேர்ப்பதே அபூர்வம். முன்கூட்டிக் கேட்டால்தான் உண்டு. அவர் மாதம்மாவிடம், “எங்க அக்காவே சொன்னாங்கம்மா, என்னை நம்புங்க” என்றார். எங்கள் அக்கா என்றுதான் சொன்னார். என்னிடம்கூட ‘உன் அக்கா’ என்று பிரித்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

வாரம் மேல் வாரம் போயிற்று. மார்பளவு வளர்ந்து முற்றிப்போன செடிகளை நீ பார்த்ததில்லை. பறிக்காமல் விட்டால் கொழுந்து அப்படியே இளசாக நிற்பதில்லை அக்கா. முற்றிய இலையை எவனும் வாங்குவதில்லை. வெட்டிக் கீழே போட்டுவிட்டு மறுபடி துளிர்க்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த வருடம் அத்தனை பேரும் அப்படித்தான் உட்கார்ந்தார்கள்.

நீங்கள் திரும்பி வந்து பேக்டரியை ஓட்டினீர்கள்; புதுத் துளிர் கொஞ்சம் கொஞ்சமாக செட்டுக்கு வர ஆரம்பித்த சமயம் நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய், அன்று நல்ல மழை. இலை செட்டில் எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். உனக்கு ஆள்கூட்டம் கண்டால் போதுமே. சாக்லேட் பையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, துரையை மடியில் நிறுத்தி, மூக்கால் பேச ஆரம்பித்தாய். உனக்கு அந்தக் கலை இருந்தது, அதை நான் மறுக்கவில்லை.

“எல்லாருக்கும் வணக்கமுங்க, துரை பேசறனுங்க. பாரீசுல ஒரு இரும்புக் கோபுரம் இருக்குதுங்க. ஏறலாம்னு கையை வெச்சேன், டிக்கெட்டு எங்கேன்னு கேட்டான். ஏப்பா, கொரங்குக்கு ஏறுறதுக்கு டிக்கெட்டான்னு சண்டை போட்டேன். வெனிசுன்னு ஒரு ஊரு, ரோடெல்லாம் தண்ணி. மழைக்காலத்துல மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு மாதிரியே இருக்குது, அதைப் பாக்கறதுக்குக் காசு கொடுக்கறாங்க. சுவிஸ்ல பனிமலை. பெரியம்மா ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டு என்னை மாதிரியே ஆயிட்டாங்க. எங்க ரெண்டு பேர்ல எது பொம்மைன்னு பெரியப்பாவுக்கே தெரியல. அப்பறம் லண்டனுங்க. நம்ம தேயிலைக்குச் சட்டை தெச்சுப் போட்டு, கயித்துல கட்டிச் சுடுதண்ணியில முக்கறாங்க. பாவம், அதுக்கு நீச்சல் தெரியாது!”

செட்டே குலுங்கியது. மூட்டை நனைகிறதே என்று நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். என் மகள் கைதட்டினாள். நானும் சிரித்தேன். கூட்டம் சிரிக்கச் சிரிக்க உனக்கு வேகம் கூடியது. அந்த வேகத்தில்தான் சொன்னாய்.

“ஏர்போர்ட்டு கதை கேளுங்க! என் முதுகுல இருக்குற ஜிப்பைத் தொறந்து, பெரியம்மா பேக்டரி சாவிக்கொத்தை உள்ள வெச்சுட்டாங்க. கைப்பையில வெச்சா திருடீருவானாம், கொரங்கை எவன் திருடுவான்? பாரீசு ஏர்போர்ட்டுல என்னை மெஷினுக்குள்ள விட்டுப் படம் புடிச்சாங்க பாருங்க, கொடல் பூரா இரும்பு! போலீசுக்காரன் துப்பாக்கியைத் தூக்கீட்டான். பேக்டரிக்கு இருக்கறதே அந்த ஒரு கொத்துதானுங்க, அதை வயித்துல சொமந்துட்டு ஊரு ஊரா நான் பட்ட பாடு!”

எல்லோரும் சிரித்தார்கள், மாதம்மாவைத் தவிர. அவர் தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்துக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “ஏனுங்கம்மா, சாவி பூராவும் உங்ககூட வந்திருச்சுன்னா, ரிப்பேரு பாத்த ஆளு எப்படீங்க உள்ள போனாரு?”

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. மெஷின் உடையவே இல்லை. ஓட்டினால் நஷ்டம் என்று பேக்டரியைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். உண்மையைச் சொன்னால் ஜனம் வேறு பேக்டரிக்குப் போய்விடும், திரும்பி வராது. அதற்காக ஒரு பொய்யை ஜோடித்து, அதைச் சொல்ல என் புருஷன் வாயை இரவல் வாங்கியிருக்கிறாய்.

அந்த இடத்தில்கூட நீ தப்பை ஒத்துக்கொண்டிருக்கலாம். திட்டியிருப்பார்கள், நாலு நாள் பேசியிருப்பார்கள். நீ என்ன செய்தாய்? துரையை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கி, அதே மூக்குக் குரலில், “நான் வெறுங் கொரங்குங்க, எங்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க? எல்லாம் எங்க ஏஜெண்டு அப்பாவுக்குத் தெரியும். அவருகிட்டச் சொல்லீட்டுத்தானே பூட்டுனோம்” என்று சொல்லிவிட்டு, முதல் ஆளாக நீயே சிரித்தாய்.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்த பெண்பிள்ளையை, அதுவும் பெண்டாட்டியின் அக்காவை, நாலு பேர் முன்னால் பொய்க்காரி என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. தராசுக் கொக்கியைக் கையில் பிடித்தபடி நின்றார். நான்தான் கத்தியிருக்க வேண்டும். கத்தத்தான் போனேன், அவர் கண்ணால் வேண்டாம் என்றார்.

மறுநாளிலிருந்து செட்டுக்கு ஒரு மூட்டைகூட வரவில்லை; இலையை நேராக பேக்டரிக்கே சுமந்தார்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை, கேட்கவும் இல்லை. பாதையில் அவரைப் பார்த்தால் செடிக்குள் இறங்கிப் போனார்கள். ஜீப்பை விற்றோம். அவரும் திருப்பூர் போனார், பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிற வேலைக்கு. மலைக் குளிரில் வளர்ந்த மனிதன் அந்த வெக்கையில் எத்தனை வருடம் கிடந்தார் என்று நீ ஒருநாளும் விசாரித்ததில்லை. உன்னிடம் வந்து கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? “ஒரே ஒரு தடவை செட்டுக்கு வந்து, அவருக்குத் தெரியாதுன்னு சொல்லுக்கா” என்று. நீ என் கன்னத்தைக் கிள்ளி, “வெளையாட்டுக்குச் சொன்னதைப் போய் மனசுல வெச்சுட்டுத் திரியற. சிரிச்சுட்டா எல்லாஞ் செரியாப் போயிரும் புள்ள” என்றாய்.

அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் துரையின் ஐரோப்பாக் கதை இல்லாமல் பந்தி நடந்ததில்லை. கோபுரம் வரும், படகு வரும், சட்டை போட்ட தேயிலை வரும். ஏர்போர்ட்டு மட்டும் வராது. ஒவ்வொரு தடவையும் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, நீ அந்த இடத்தைத் தாண்டிக் குதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒரு நாள் வரும் என்று இருந்தேன்.

வந்தது. உன் பையன் கல்யாண ரிசப்ஷன். “துரையைக் கொண்டா புள்ள, சம்பந்தி ஊட்டுக்காரங்க முன்னாடி பேசிக் காட்டோணும்” என்று நீயே போன் செய்தாய். கொண்டு வந்தேன். குன்னூர் மண்டபம் நிறைய ஆள். உன் வீட்டுக்காரர் பேக்டரிக்கு இலை போடுகிறவர்களையும் அழைத்திருந்தார்; மாதம்மா பேரனோடு முன்வரிசையில் இருந்தார். நீ மைக்கைப் பிடித்து லண்டன்வரை போய்க் கைதட்டு வாங்கினாய். அப்போது மேடை ஏறி உன் கையிலிருந்து துரையையும் மைக்கையும் வாங்கினேன். நீயும் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தாய்.

“துரை பேசறனுங்க. பெரியம்மா ஏர்போர்ட்டு கதையை விட்டுட்டாங்க. சாவி என்ற வயித்துல. பேக்டரி கோத்தகிரியில. நான் பாரீசுல. ரிப்பேருன்னு சொன்னது பொய்யிங்க. எங்க ஏஜெண்டு அப்பாவுக்குத் தெரியும்னு அன்னிக்கு செட்டுல சொன்னேன், அதுவும் பொய்யிங்க. அவருக்கு ஒண்ணுமே தெரியாது. எங்க பெரியம்மா சொன்னதை நம்பி ஊரு பூராச் சொன்னாரு. பழியை அவரு தலையில போட்டுட்டு நாங்க சாக்லேட்டு தின்னோம். கொரங்கு புத்தி, மன்னிச்சுக்கோங்க.”

முதலில் சிரித்தார்கள். பிறகு இலை போடுகிறவர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் அமைதியானது. அந்த அமைதி ஒவ்வொரு வரிசையாகப் பரவி மேடைக்கு வந்தது. மணப்பெண்ணின் அப்பா உன்னைப் பார்த்தார். நீ சிரிக்கிற முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பையனின் மாலையைச் சரி செய்யத் திரும்பினாய். அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? கல்யாண வீட்டுப் பாயசத்தைக்கூட நான் அன்று தொடவில்லை, அதுவே போதுமாக இருந்தது.

பந்தியில் மாதம்மா அவரிடம் போய், “அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க தம்பி” என்று கண் கலங்கினார். அவர், “சாப்பிடுங்கம்மா, ஆறீரும்” என்றார். ஆனால் பஸ்ஸில் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. “கல்யாண மேடையில இது வேணுமா?” என்று மட்டும் கேட்டார். வேணும் என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

நீ பேச்சை நிறுத்தினாய். நல்லதாகப் போயிற்று என்று நானும் இருந்தேன். பிறகு உனக்கு நோய் முற்றி, ஆஸ்பத்திரியில் கைவிரித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டார்கள். என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாய். விடிகாலையில் அடுப்புகூட மூட்டாமல் கிளம்பி முதல் பஸ்ஸில் வந்தோம். வழியில் அவர் ஒரு டீகூட வாங்கிக் குடிக்கவில்லை; போகிற இடத்தில் எப்படி இருக்கிறதோ என்றார். நீ பாதியாகிப் போயிருந்தாய். என் கையைப் பிடித்து, “என்னை மன்னிச்சுட்டியா புள்ள?” என்று கேட்டாய்.

“எங்கிட்ட எதுக்குக் கேக்கற? வெளிய நிக்கறாரு. அவருகிட்டக் கேளு” என்றேன். கூப்பிட்டேன். அவர் வந்து கட்டில் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நீ அவரை வெகுநேரம் பார்த்தாய். இதோ வந்துவிட்டது, இதோ சொல்லப்போகிறாள் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நிமிடம் நீ சொல்லியிருந்தால், அக்கா, சத்தியமாக எல்லாவற்றையும் விட்டிருப்பேன்.

நீ கேட்டது, “டீ குடிச்சீங்களா தம்பி?”

“குடிச்சேனுங்க அக்கா” என்றார்.

உன் வீட்டில் அன்றைக்கு யாரும் அவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். ஊர் முழுக்கப் பொய்யன் என்று நீ பெயர் வாங்கிக் கொடுத்த மனிதர், அந்த ஒன்றையும் உன் மனம் நோகக்கூடாது என்று சொன்னார். அவர் மன்னித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். நான் மன்னிக்கவில்லை அக்கா.