வேலிக்குள் தெளித்த பால்

உலான்பாதர்
3 செப்டம்பர் 2006

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் செய்தி, பிறகு நலம். ஜூன் மாதம் நம் குளிர்கால மேய்ச்சல் நிலத்தில் ஒரு துண்டுக்கு வேலி போட்டு, உள்ளேயும் வெளியேயும் குழி தோண்டி மண் எடுத்தேன் இல்லையா? போன வாரம் வந்து அதே குழிகளில் எடுத்துப்போன மண்ணில் பாக்டீரியா கொழிக்கிறது. வெளியே ஆடு மேயும் இடத்தைவிடப் பல மடங்கு, அதுவும் மழையே இல்லாத வருஷத்தில்! கண்ணாடித் தட்டில் வெள்ளைப் புள்ளிகளாகப் பூத்திருப்பதைப் பார்த்து என் பேராசிரியையின் கையைப் பிடித்து உலுக்கிவிட்டேன். என் குரலையே அன்றுதான் சரியாகக் கேட்டாராம்.

மாதக் கடைசியில் மாவட்டக் கூட்டத்தில் நானே பேச வேண்டும். ஆடு போகாவிட்டால் வறட்சியிலும் மண் பிழைக்கும் என்று காட்டினால், நம் மேய்ச்சல் நிலம் இருக்கும் பள்ளத்தாக்கையே ஐந்து வருஷம் மேய்ச்சலுக்கு மூடிவிடுவார்கள். நம் ஆடுகளுக்கும்தான். இதை எழுதும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்குகிறது.

உன் மூட்டுவலி எப்படி? நீ தந்த காய்ந்த தயிர்க்கட்டி தீர்ந்துவிட்டது.

அன்பு மகள்,
உயங்கா

கூடாரத்திலிருந்து
10 செப்டம்பர்

என் செல்ல உயங்கா,

உன் கடிதத்தை அண்ணன் கன்சுக் உரக்கப் படித்தான். படித்துவிட்டு, "மண்ணுக்குள்ள இருக்கற பூச்சிக்கு இடம் விட்டுட்டு, நம்ம ஆட்டை எங்க கட்டறதாம்? உன் கட்டில் கால்லயா? படிச்ச பொண்ணைக் கேளும்மா" என்றான். வாயை மூடு என்றேன். வடக்கே என் தம்பியிடம் குளிர்காலத்துக்கு இடம் கேட்டுக்கொள்ளலாம். நீ போய்ப் பேசு. நீல அங்கியைப் போட்டுக்கொள். காலைப் பார்த்துக்கொண்டு பேசாதே.

பூத்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். பூமியைக் குத்திக் குழி தோண்டிவிட்டுப் போனாய்; எனக்கு மனசே ஆறவில்லை. தினம் காலையில் வானத்துக்கு முதல் பாலைத் தெளித்த பிறகு, வேலிக்கு மேலே கையை நீட்டி உன் குழிகளிலும் ஒரு கரண்டி விட்டேன். வெளியே தோண்டியதை ஆட்டுக் காலே மூடிவிட்டது, அதற்குத் தேவைப்படவில்லை. இனி பயமில்லை, மண்ணுக்கு உன்மேல் கோபம் தீர்ந்தது.

தயிர்க்கட்டி ஒரு பை வைத்திருக்கிறேன்.

உன் அம்மா,
துல்மா

உலான்பாதர்
17 செப்டம்பர்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தை நின்றபடி படிக்க ஆரம்பித்து, பாதியில் உட்கார்ந்துவிட்டேன். தட்டில் பூத்ததெல்லாம் உன் பாலைத் தின்று பெருகியவை.

சொல்லாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. பேராசிரியையின் அறை வாசலில் வெகுநேரம் நின்றேன். கடைசியில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உங்கம்மா தினம் எவ்வளவும்மா ஊத்துவாங்க?" என்று மட்டும் கேட்டார்.

கூட்டத்தில் என் பேச்சு ரத்து. பள்ளத்தாக்கை மூடும் பேச்சும் நின்றது. கட்டில் தப்பியது என்று அண்ணனிடம் சொல்.

ஒரு நாள் முழுக்க அழுதேன். மறுநாள்தான் ஞாபகம் வந்தது: வேலிக்குள் ஜூனில் நான் தோண்டாத, நீ பால் விடாத மூலையிலிருந்தும் போன முறை வந்தபோது ஒரு பை மண் எடுத்திருந்தேன். அதைப் பார்த்தோம். அம்மா, உள்ளேயும் வெளியேயும் ஒன்றேதான்! இரண்டும் தண்ணீருக்கு ஏங்கிக் கிடக்கின்றன. இந்த வருஷம் வேலி மட்டும் எதையும் காப்பாற்றவில்லை. ஆட்டின்மேல் பழியைப் போடுமுன் ஒரு நல்ல மழை வர வேண்டும். வந்ததும் மறுபடி தோண்ட நானே வருகிறேன். பேராசிரியையும் நானும் இப்போது தினமும் வானிலைச் செய்தி கேட்கிறோம்.

அதுவரை, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேலிக்குள் பால் வேண்டாம்.

உயங்கா

கூடாரத்திலிருந்து
25 செப்டம்பர்

என் செல்ல உயங்கா,

நிறுத்திவிட்டேன். வேலிப் பக்கம் போவதுகூட இல்லை. உன் பங்குக் கரண்டிப் பாலை இப்போது நீ இருக்கும் நகரத்தின் திசையில் தெளிக்கிறேன். அங்கே ஏதாவது பூத்தால் என்னைக் கேட்காதே.

அம்மா