வூட்டுக்குப் பக்கத்துல கடல்

அம்மா,

திருநெல்வேலில நல்லாதான் இருக்கேன். ஆஸ்டல் சோறும் பழகிடுச்சு.

வந்த அன்னிக்கு, ரூம்ல கூட இருக்கிற திருச்செந்தூர்ப் பொண்ணு இசக்கி அழுதுக்கினு இருந்தா. "இன்னாடி, வூட்டு நெனப்பா?"ன்னேன். சட்டுனு கண்ணத் தொடச்சுட்டு, "ஏட்டி, நீ மெட்ராஸா?"ன்னா. நான் இல்லன்னு சொல்லல.

அப்புறம் கடல் எவ்ளோ தூரம்னு கேட்டா. வூட்டுலேர்ந்து நடந்தே போயிடலாம்னுட்டேன். கடலே இல்லாத நம்ம நைனார்பாளையத்துலேர்ந்து!

ஞாயித்துக்கெழம நீ வர்றப்ப உன்னையும் கேப்பா. உன்னப் பொய் சொல்ல வெக்க மனசு வரல. நேத்து உண்மையச் சொல்லிட்டேன்: நானும் கடலப் பாத்ததில்ல, எங்கம்மாவும் பாத்ததில்ல. விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, "ரெண்டு பேரையும் எங்க ஊருக்கு நானே கூட்டிக்கினு போறேன்"ங்கிறா. அவளுக்கும் நம்ம பேச்சு ஒட்டிக்கிச்சு!

மாத்துப் பொடவ எடுத்துக்கினு வா. அல பெருசா வருமாம்.

உன் மெட்ராஸ்காரி