எல்லா ஃபைலுக்கும் ஒரே இனிஷியல்

பெருநகர்
12.2.1989

என் அன்பு மாமாவுக்கு, உங்கள் மனைவி சுலோச்சனா எழுதுவது.

நலமா என்று நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன், இன்றைக்கு நலம். போன திங்கட்கிழமை காலையில் கேட்டிருந்தால், உடனே மஸ்கட்டிலிருந்து பிளேன் ஏறி வந்து என்னை வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று அழுதிருப்பேன். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. பதறாமல் படியுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய தைலத்தை அவர் தடவிக்கொண்டது பாதி, தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது பாதி. கீழ்வயல் அறுப்பு முடிந்துவிட்டது. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. தைப்பூசத்துக்கு ஆற்றங்கரையில் நல்ல கூட்டம். உங்கள் சிநேகிதர் தாண்டவராயன் என்னைப் பார்த்து, எப்போது வருகிறான் என்று கேட்டார். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

நீங்கள் போன கடிதத்தில் எழுதியது ராப்பகலாக என் தலைக்குள்ளேயே நிற்கிறது. கம்பெனி இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறது, மாசி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும், உனக்கு மில்லில் வேலை நிரந்தரமானால் ஊருக்கு வந்துவிடுகிறேன், ஆகாவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். உங்களை ஊருக்குக் கொண்டுவரும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டு நீங்கள் பாட்டுக்கு லாரி ஓட்டுகிறீர்கள். இது எந்த ஊர் நியாயம்?

உத்திரமேரூரில் எங்கள் ரைஸ் மில் முதலாளி கே.எஸ். வேதகிரி கம்ப்யூட்டர் வாங்கினார் என்று முன்பே எழுதியிருந்தேன். பழைய கணக்குப்பிள்ளை தீபாவளியோடு நின்றுவிட்டார். இந்த அறுவடையில் யார் வீட்டு நெல் எவ்வளவு வந்தது, எவ்வளவு அரைத்தோம் என்பதெல்லாம் இப்போது அந்தப் பெட்டிக்குள்தான். சென்னையிலிருந்து ஒருவர் வந்து, இதை அழுத்து, அதை அழுத்து என்று காட்டிவிட்டுப் போனார். ஏன் என்று கேட்டால் அது உனக்கு வேண்டாம் என்றார். எனக்கு அப்போதே கோபம்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கறுப்பு உறைக்குள் ஒரு மெல்லிய தகடு இருக்கும், அதன் பெயர் ஃபிளாப்பி. அதில் நாம் அடித்த ஒவ்வொன்றும் ஒரு ஃபைல். ஃபைலுக்கு ஒரு பெயர், ஒரு புள்ளி, புள்ளிக்குப் பின்னால் நம் இனிஷியல் மாதிரி மூன்று எழுத்து. கடிதம் அடிக்க வேர்ட்ஸ்டார், கட்டம் போட்ட நெல் கணக்குக்கு லோட்டஸ், விவசாயிகளின் பெயரும் ஊரும் எழுத டிபேஸ். ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் திறக்க முடியாது. இது இப்போது எனக்கு நன்றாகத் தெரிகிறது. போன சனிக்கிழமை தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை முதலாளி கூப்பிட்டு, திங்கட்கிழமை மதியம் வருகிறேன், அறுவடைக் கணக்கு முழுவதையும் கம்ப்யூட்டரிலேயே காட்டு, பார்த்துவிட்டு உன் வேலையை நிரந்தரம் செய்வதா வேண்டாமா என்று சொல்கிறேன் என்றார். சரி, எல்லாவற்றையும் ஒழுங்காக வைப்போம் என்று சனிக்கிழமை மாலை உட்கார்ந்தேன். திரையில் பார்த்தால் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒவ்வொரு இனிஷியல். ஒன்றுக்கு டி.பி.எஃப்., ஒன்றுக்கு டபிள்யூ.கே.ஒன்று, ஒன்றுக்கு டி.எக்ஸ்.டி. நம் ஊரில் ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு இனிஷியலா வைப்பார்கள்? பார்க்கிறவன் சிரிக்க மாட்டானா? எல்லாம் ஒரே முதலாளியின் சொத்துதானே என்று ஒரே வரிக் கட்டளையில் அத்தனைக்கும் கே.எஸ்.வி. என்று மாற்றிவிட்டேன். வரிசையாக எல்லாம் கே.எஸ்.வி., கே.எஸ்.வி. என்று நின்றதைப் பார்க்க அவ்வளவு அழகு. பூட்டிவிட்டுப் பெருமையாக பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை காலை லோட்டஸைத் திறந்தால் ஒரு கணக்கும் இல்லை. டிபேஸைத் திறந்தால் அப்படி ஒரு ஃபைலே கிடையாது என்கிறது. அறுவடை முழுக்க அழிந்துவிட்டது என்றே நினைத்தேன். வேலை போகும், முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும், அதையெல்லாம்கூடத் தாங்கியிருப்பேன். நீங்கள் அங்கே கையெழுத்துப் போடுவது என் கண்முன் தெரிந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

கடைசியாக வேர்ட்ஸ்டாரில் ஒரு கடிதத்தைத் தொட்டுப் பார்த்தேன். மானாம்பதிக்காரர்களுக்கு எழுதியது. கே.எஸ்.வி. என்ற புது இனிஷியலோடேயே ஓர் எழுத்துக் குறையாமல் திறந்தது! அப்போதுதான் மூச்சு வந்தது. அப்படியானால் உள்ளே இருப்பது எதுவும் போகவில்லை. கல்யாணமானதும் எனக்கும்தான் இனிஷியல் மாறியது, அதற்காக டைப் அடிப்பது மறந்தா போனது? திரும்பவும் லோட்டஸுக்குப் போய் நிதானமாகப் படித்தேன். ஃபைலைத் தேடும்போது, டபிள்யூ.கே. என்று இருப்பதைத்தான் தேடுகிறேன் என்று அதுவே திரையின் மேலே எழுதிக் காட்டுகிறது. நான் இத்தனை நாள் அந்த வரியைக் கவனித்ததே இல்லை. பாவம், அது இனிஷியலைப் பார்த்துத்தான் தன் பிள்ளையைக் கண்டுபிடிக்கிறது.

சரி, பழைய இனிஷியலை வைத்துவிடலாம். ஆனால் எது எந்த வீட்டுப் பிள்ளை? பெயரெல்லாம் நெல், நெல் இரண்டு, மானாம்பதி என்று ஒரே மாதிரி. எனவே எந்த புரோகிராமும் இல்லாமல் ஒவ்வொரு ஃபைலின் உள்ளேயும் எட்டிப் பார்த்தேன். அதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. மாமா, நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். கடிதம் கடிதமாகவே வந்தது. கணக்கைத் திறந்தால் திரை முழுக்கச் சிரிக்கிற மூஞ்சி, இஸ்பேடு, டைமன், நடுநடுவே பீப் பீப் என்று கத்தல். பெயர் ஃபைல்களோ எல்லாமே சீட்டுக்கட்டில் இதயம் மாதிரி இருக்குமே, அந்த ஆட்டினில் ஆரம்பித்து, அதன் பின்னால் நம் ஊர்க்காரர்கள் பெயர் வரிசையாக வந்தது. எடை போடும் பச்சமுத்து அண்ணன் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்துவிட்டு, ‘இன்னா தங்கச்சி, மொதலாளி வர்ற நாளும் அதுவுமா சீட்டாடிக்கினு கீறே?’ என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஆட்டினில் தொடங்கியதற்கெல்லாம் டி.பி.எஃப்., மூஞ்சி சிரித்ததற்கு டபிள்யூ.கே.ஒன்று, படிக்க முடிந்ததற்கு டி.எக்ஸ்.டி. என்று ஒவ்வொன்றாக வைத்தேன். ஒவ்வொன்றும் திறக்கத் திறக்க, போன உயிர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. கடைசி ஃபைல் திறந்தபோது வாசலில் முதலாளியின் கார் சத்தம்.

அவர் உட்கார்ந்து ஒவ்வொரு ஊராகக் கேட்டார். கேட்டதையெல்லாம் காட்டினேன். பிறகு என் முகத்தைப் பார்த்து, ‘கணக்கு கரெக்டா தானே கீது, இன்னாத்துக்கும்மா மூஞ்சி இப்படி வெளுத்துப் போய்க் கீது?’ என்று கேட்டார். இனிஷியல் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க எனக்கு வராது, உங்களுக்குத்தான் தெரியுமே. அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் செத்தேன். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, என் பெயர் மேல் உனக்கு அவ்வளவு மரியாதையா என்றார். எல்லாவற்றையும் இன்னொரு ஃபிளாப்பியில் நகல் எடுத்து வை, பங்குனியிலிருந்து உனக்கு வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் உமிக் குவியலுக்குப் பின்னால் போய் நின்று நன்றாக அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

வீட்டில் சொன்னதும் அம்மா, ‘அந்தப் பொட்டி பேஜாரு நமக்கு இன்னாத்துக்குன்னு நெனச்சேன், பரவால்ல, நல்லா இருக்கட்டும்’ என்று முதல்முறையாகக் கம்ப்யூட்டரை வாழ்த்தினார்.

மாமா, நீங்கள் சொன்ன நிபந்தனையை நான் நிறைவேற்றிவிட்டேன். இனி உங்கள் முறை. கம்பெனி நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். எனக்கு டேப் ரெக்கார்டரும் வேண்டாம், புடவையும் வேண்டாம். நம் கல்யாணமாகி மூன்று வருடத்தில் நீங்கள் என்னோடு இருந்தது லீவில் வந்த ஒரு மாதத்தையும் சேர்த்துக் கொஞ்ச நாள்தான். அம்மா உங்களைத் தேடுகிறார் என்று எழுதச் சொன்னார். அம்மா மட்டும்தான் தேடுகிறார் என்று எழுத என் கை ஒப்பவில்லை.

சுப்பிரமணிய சுவாமி உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். எந்தத் தேதி என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் வரவை எண்ணிக்கொண்டிருக்கும்,
சுலோச்சனா