சாப்பாட்டுக்குப் பின் ஒரு சோதனை

மார்ச் 4
சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 262. டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டிவிட்டார். "நாள் முழுக்க உக்காந்தே இருக்கீங்களா?" என்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் நின்றுகொண்டா ஓட்டுவான்? மே மாதம் கம்பெனியில் உடல் பரிசோதனை. தேறாவிட்டால் மேலே கிரேன் கூண்டில் உட்கார்வதை மறந்துவிட வேண்டியதுதான்.

மார்ச் 9
வீட்டில் தண்ணீர் மோட்டார் பழுது. சாப்பிட்ட கையோடு வாளி வாளியாக மாடிக்குச் சுமந்தேன். அப்புறம் விரலைக் குத்திப் பார்த்தால் 178. அதே சாப்பாடு, அதே அளவு. மெஷின் தப்பாக் காட்டுதோ? மறுபடி குத்தினேன். 174.

மார்ச் 12
நேற்று சாப்பிட்டதும் படுத்தேன் – 240. இன்று தெருமுனை வரை போய் வந்தேன் – 185. நடந்தால் சர்க்கரை எங்கே போகிறது? காலா தின்கிறது?

மார்ச் 15
பாத்திரம் கழுவினால்? கழுவித் துடைத்து அடுக்கியும் வைத்தேன். 201. படுத்ததற்குத் தேவலை. "நல்ல ஆராய்ச்சிதான். நிறுத்திடாதீங்க" என்கிறாள் மனைவி.

மார்ச் 27
கால்சட்டை இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 2
இன்னும் எவ்வளவு இறங்கும், பார்ப்போமே என்று காலையில் வேகநடை, சாப்பாட்டையும் பாதியாக்கினேன். வேணுமா எனக்கு இது? கூண்டில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வியர்த்துக் கொட்டியது, கண் இருட்டியது. அந்தரத்தில் சரக்குப் பெட்டி தொங்குது. கீழே ஆட்கள். லிவரை விட்டேன் – கிரேன் நின்றது. "முடியல, எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லுங்க" என்று ரேடியோவில் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. ஃபோர்மேன் ஏறி வந்து சர்க்கரைத் தண்ணீர் புகட்டினாராம். அதுக்கப்புறம் குத்திப் பார்த்தே 61தான். சர்க்கரை ஏறினால்தான் ஆபத்துன்னு நெனச்சிருந்தேனே. யார் தலையிலாவது விழுந்திருந்தா?

ஏப்ரல் 3
"நடக்கறது நல்லதுதாங்க. நான் மாத்திரையக் கூட்டியிருக்கேன், நீங்க பாட்டுக்கு நடையக் கூட்டி, சாப்பாட்டயும் குறைச்சா எப்படி? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" டாக்டரம்மா திட்டியது நியாயம். வேறு மாத்திரை எழுதினார். பரிசோதனை வரை மேலே ஏறக் கூடாதாம். கீழே நின்று கிரேன் ஓட்டுகிறவருக்குச் சைகை காட்டும் வேலை.

ஏப்ரல் 11
தரையில் நடந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. முதல் நாள் கால் கெஞ்சியது. இன்று கெஞ்சவில்லை. மதியம் 158.

மே 6
தேறிவிட்டேன். ஃபோர்மேனிடம், "காலைல மேல ஓட்டறேன். சாப்பாட்டுக்கப்புறம் கீழயே விடுங்க" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். தலைவலி கூட வந்ததில்லை என்று பீற்றிக்கொள்கிற மனிதர். மதியம் சாப்பிட்டபின், யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் விரலை நீட்டினார். "எனக்கும் ஒரு தடவ குத்திப் பாரேன்."

புது ஊசி மாற்றிக் குத்தினேன். எண் வந்தது – 214. இருவரும் எழுந்து நடந்தோம்.